தொடும் கை எதுவரை குணமாக்கும்?

1935-ம் ஆண்டு. டோக்கியோவில் ஒரு சிகிச்சைக்கூடம். வரிசையாகப் போட்ட கட்டில்களில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கை நோயாளியின் தலையில், இன்னொருவர் கை வயிற்றில். மருந்து வாடை இல்லை, ஊசி இல்லை, பேச்சும் அதிகம் இல்லை.

ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்து அங்கே படுத்திருந்த முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு, வயிற்றின் மேலிருந்த கையின் சூடு சந்தேகத்தைக் கிளப்பியது. வெறும் கைக்கு ஏது இவ்வளவு சூடு? அடுத்த முறை வந்தபோது சிகிச்சை தருபவரின் கிமோனோ கைப்பகுதியைச் சட்டென்று பிடித்துத் துழாவினார். உள்ளே ஏதோ கருவியை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. கட்டிலுக்கு அடியில் மின்கம்பி ஓடுகிறதா என்றும் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

அவர் பெயர் ஹவாயோ டகாட்டா. இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் தன் மாணவர்களிடம் அவரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நோயாளியாக வந்தவர் அதே கூடத்தில் மாணவியாகச் சேர்ந்தார். கை வைத்துச் செய்யும் இந்த ரெய்கி சிகிச்சை ஜப்பானுக்கு வெளியே பரவியதற்கு முதல் காரணம் அவர்தான். லண்டனிலோ நியூயார்க்கிலோ சென்னையிலோ இன்று வார இறுதி வகுப்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ரெய்கி மாணவர், பெரும்பாலும் டகாட்டாவின் வழிவந்த யாரோ ஒருவரிடம்தான் பாடம் கேட்கிறார்.

அந்த மாணவருக்கு உண்மையில் கிடைப்பது என்ன? கைகளின் வழியே பாய்வதாகச் சொல்லப்படும் பிரபஞ்ச சக்திக்கு அறிவியல் சோதனைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால், நோயுற்ற ஒருவர் அருகில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து, அன்போடு கை வைப்பதால் அவருக்கு ஆறுதல் கிடைக்கிறது என்பதை அதே சோதனைகள் காட்டுகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்தான் நல்ல ரெய்கி மாணவர். அதைச் சொல்லிக்கொடுப்பவர்தான் நல்ல ஆசிரியர்.

கரும்புத் தோட்டத்திலிருந்து டோக்கியோவுக்கு

தமிழர்கள் கப்பலேறி பிஜிக்கும் நேட்டாலுக்கும் கரும்பு வெட்டப் போன அதே காலகட்டத்தில், ஜப்பானிய ஏழைக் குடும்பங்கள் ஹவாய்க்குப் போயின. அப்படிப் போன பெற்றோருக்கு 1900 டிசம்பர் 24 அன்று, காவாய் தீவின் ஹனமாவுலு என்ற ஊரில் பிறந்தவர் டகாட்டா. இளவயதிலேயே உழைக்கத் தொடங்கி, ஒரு தோட்ட முதலாளியின் மாளிகையில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். 1930-ல் கணவர் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓய்வில்லாமல் உழைத்ததில் உடம்பு சீர்குலைந்தது. மூச்சுத் திணறலும் வயிற்று வலியும் விடாமல் படுத்தின.

1935-ல் அவருடைய சகோதரி இறந்தார். பெற்றோர் அப்போது ஜப்பானில் இருந்தார்கள். அந்தத் துக்கச் செய்தியை நேரில் சொல்லப் போனவர், அங்கேயே டோக்கியோவில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். 'அறுவை வேண்டாம்' என்று தனக்குள் ஒரு குரல் கேட்டதாகவும், மருத்துவரிடம் வேறு வழி கேட்டதாகவும், அந்த மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்மணியே தன்னை சூஜிரோ ஹயாஷியின் கூடத்துக்கு அழைத்துப் போனதாகவும் டகாட்டா சொன்னார். சில மாதங்களில் குணமானதாகவும் சொன்னார். இதற்கெல்லாம் அவருடைய வாய்மொழிதான் சான்று. மருத்துவக் குறிப்புகள் எதுவும் நம் கையில் இல்லை.

ஹயாஷி கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். கற்றுக்கொடுங்கள் என்று டகாட்டா கேட்டபோது உடனே சம்மதிக்கவில்லை. ஜப்பானியக் கலையை ஹவாயில் பிறந்த ஒருவருக்குச் சொல்லித் தருவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. ஒருவழியாகச் சம்மதித்த பிறகு, டகாட்டா ஏறக்குறைய ஓராண்டு அவரிடம் வேலை பார்த்தபடியே கற்றார். காலையில் கூடத்தில் நோயாளிகள், பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் என்று நாட்கள் ஓடின. 1937-ல் ஹவாய் திரும்பினார். பின்னாலேயே ஹயாஷியும் அங்கு வந்து சில மாதங்கள் வகுப்பெடுத்தார். 1938 பிப்ரவரியில் ஹொனலூலுவில் நோட்டரி முன்னிலையில் டகாட்டாவுக்கு மாஸ்டர் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஓராண்டை இன்றைய மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். ஏனென்றால், இன்று ரெய்கிப் படிப்பின் முதல் இரண்டு படிகளான லெவல் ஒன்றும் இரண்டும் ஒரே சனி, ஞாயிறில் முடிந்துவிடும் வகுப்புகள் ஏராளமாக இருக்கின்றன.

குராமா மலையில் 21 நாள்

ஹயாஷிக்குச் சொல்லிக்கொடுத்தவர் மிகாவோ உசூயி. 1865 ஆகஸ்ட் 15 அன்று கிஃபு மாகாணக் கிராமம் ஒன்றில் பிறந்தார். பல வேலைகள் பார்த்தார். எதிலும் நிலைக்கவில்லை, வறுமையும் விடவில்லை. 1922-ல் கியோட்டோவுக்கு வடக்கே இருக்கும் குராமா மலைக்குப் போய் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். இறுதியில் தலைக்கு மேல் ஒரு பெரும் ஆற்றலை உணர்ந்தார் என்று அவருடைய நினைவுக்கல் சொல்கிறது. டோக்கியோவின் சுகினாமி பகுதியில் சைஹோஜி கோயில் கல்லறைத் தோட்டத்தில் 1927-ல் மாணவர்கள் நிறுவிய அந்தக் கல்தான் ரெய்கி வரலாற்றின் முதன்மை ஆவணம்.

குராமா ஒன்றும் பெரிய சிகரம் இல்லை. உயரம் 600 மீட்டருக்குள்தான். கியோட்டோவிலிருந்து சிறிய மலை ரயிலில் போய் இறங்கலாம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கோயில் ஒன்று மலையில் இருக்கிறது. அதற்கும் மேலே போனால் தேவதாரு மரங்களின் வேர்கள் மண்ணுக்கு வெளியே பின்னிக்கிடக்கும் பாதை வரும். நீண்ட மூக்குடைய தெங்கு என்ற மலைத்தேவதைகள், பின்னாளில் புகழ்பெற்ற போர்வீரனான யோஷித்சுனேவுக்குச் சிறுவயதில் வாள் வித்தை கற்றுக்கொடுத்த இடம் என்று ஜப்பானியர் சொல்லும் மலை இது. தவமிருக்க ஏற்ற இடம் என்ற பேர் உசூயிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதற்கு உண்டு. நம்மூரில் விரதத்துக்கு 48 நாள் ஒரு மண்டலம் என்று கணக்கு. அங்கே 21. ரெய்கி வகுப்பு முடித்தவரை '21 நாள் விடாமல் உங்களுக்கு நீங்களே கை வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்தக் கணக்கு இந்த மலையை நினைவில் வைத்து வந்ததுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் உசூயி டோக்கியோவின் ஹராஜுகுவில் ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டு, 1923 செப்டம்பர் 1 அன்று, டோக்கியோவையும் யோகோஹாமாவையும் தரைமட்டமாக்கிய காண்டோ நிலநடுக்கம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உசூயி தினமும் நகரத்துக்குள் போய்க் காயம்பட்டவர்களுக்குக் கை வைத்துச் சிகிச்சை தந்தார் என்கிறது நினைவுக்கல். வீடும் உறவும் இழந்து தெருவில் கிடந்தவர்கள் அருகில் ஒருவர் வந்து உட்கார்ந்தது அவர்களுக்கு எத்தனை பெரிய விஷயமாக இருந்திருக்கும்! உசூயியின் பெயர் நாடெங்கும் பரவியது அதன் பிறகுதான். 1926 மார்ச் 9 அன்று, வகுப்பெடுக்கப் போன ஃபுகுயாமா நகரில் பக்கவாதத்தால் இறந்தார். அதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் பயின்றிருந்தார்கள்.

உசூயியின் சங்கத்தில் காலை, மாலை இரு வேளையும் கை குவித்து உட்கார்ந்து ஐந்து உறுதிமொழிகளைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு நாள் கோபப்படாமல் இருப்பது, கவலைப்படாமல் இருப்பது, நன்றியோடு இருப்பது, வேலையில் உண்மையாக இருப்பது, பிறரிடம் கனிவாக இருப்பது ஆகியவை அவை. மெய்ஜி பேரரசர் எழுதிய சிறு கவிதைகளையும் சேர்ந்து வாசித்தார்கள். முதலில் மனத்தைச் சீர்செய், பிறகு கை வை என்பதுதான் பாடத்திட்டம். இன்று பல வகுப்புகளில் இந்த ஐந்தையும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

வகுப்பறையில் நடப்பது

ரெய்கிப் படிப்பு மூன்று படிகளாக நடக்கிறது. ஜப்பானில் இவற்றை ஷோடென், ஒகுடென், ஷின்பிடென் என்பார்கள். மற்ற நாடுகளில் லெவல் ஒன்று, லெவல் இரண்டு, மாஸ்டர். முதல் படியில் தனக்கும் அருகில் இருப்பவருக்கும் கை வைக்கப் பழகுகிறார்கள். இரண்டாவதில் மூன்று குறியீடுகளையும், தொலைவில் இருப்பவருக்குச் சக்தி அனுப்பும் முறையையும் கற்பிக்கிறார்கள். மூன்றாவது, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி. ஒவ்வொரு படியிலும் அட்யூன்மென்ட் என்ற தீட்சை உண்டு. மாணவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ஆசிரியர் அவர் தலைக்கு மேலும் கைகளின் மேலும் சில அசைவுகள் செய்கிறார். உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. ஒன்றுமே தெரியவில்லையே என்று சங்கடத்தோடு பக்கத்தில் பார்ப்பவர்களும் உண்டு. ஒன்றும் தெரியாதவர்கள் தங்களைக் குறையாக நினைக்க வேண்டியதே இல்லை.

சடங்குகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் பார்த்தால், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படுத்திருப்பவர் உடை களைய வேண்டியதில்லை. கண்ணாடியையும் பெல்ட்டையும் மட்டும் கழற்றினால் போதும். மாணவர் சோப்பு போட்டுக் கை கழுவி, மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி வைக்கிறார். எங்கெங்கே கை வைக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்கிறார். வேண்டாம் என்று சொன்ன இடத்தில் கை போகக் கூடாது. மார்பிலும் அந்தரங்கப் பகுதியிலும் தொடுவதே கிடையாது. அங்கெல்லாம் கை சற்று மேலே காற்றில் நிற்கும், அல்லது அந்த இடத்தை விட்டுவிடலாம். பெண்களிடம் 'சக்தி பார்க்கிறேன்' என்று எல்லை மீறும் ஆசாமிகளிடமிருந்து தப்பிக்க, இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் போதும்.

தலையில் தொடங்குவது வழக்கம். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைச் சற்றுக் குழித்து, மூக்கை அழுத்தாமல் கண்களின் மேல் வைக்க வேண்டும். பிறகு பொட்டுகளின் மேல். பிறகு பின்மண்டையை இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டும். தன் தலையின் பாரத்தை முழுதாக இன்னொருவர் கையில் விட்டுவிடப் பலருக்கும் உடனே வராது. கழுத்து விறைத்தே இருக்கும். கை அவசரப்படாமல் காத்திருந்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் கழுத்துத் தளர்ந்து, தலையின் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். அதை உணர்ந்த மாணவர் அதன் பிறகு அவசரப்பட மாட்டார். தொண்டையின் மேல் கை வைத்தால் சிலருக்கு மூச்சு முட்டும். அதனால் அங்கே பக்கவாட்டில் அணைத்தாற்போல் வைப்பார்கள். பிறகு நெஞ்சின் மேற்பகுதி, வயிறு, முதுகு என்று சுமார் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம் வரை.

புதிய மாணவருக்குப் பத்தாவது நிமிடமே தோள் இற்றுப்போகும். முழங்கையை எங்கே ஊன்றுவது, நாற்காலியை எவ்வளவு நெருக்கிப் போடுவது என்பதெல்லாம் பழகப் பழகத்தான் வரும். தோள் வலியைவிடக் கடினமானது வாயைக் கட்டுவது. 'சூடு தெரிகிறதா? ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா?' என்று கேட்கத் துடிப்பார்கள். கேட்டால், படுத்திருப்பவர் மரியாதைக்காகவாவது 'ஆமாம்' என்பார். கேட்கக் கூடாது என்பது முதல் பாடம்.

கையில் தெரியும் சூடும் குறுகுறுப்பும் பொய்யில்லை. கை உடம்போடு ஒட்டியிருக்கும்போது அந்த இடத்தில் வெப்பம் வெளியேற முடியாமல் தேங்கும். தளர்ந்து உட்காரும்போது கைகளுக்கு ரத்த ஓட்டம் கூடும். கவனத்தை முழுதாக ஓர் உறுப்பின் மேல் குவித்தால், வழக்கமாகத் தெரியாத உணர்ச்சிகள் தெரியத் தொடங்கும். இதைப் படிப்பவரே ஒரு நிமிடம் கண்ணை மூடி இடது உள்ளங்கையை மட்டும் கவனித்துப் பார்க்கலாம்.

ரெய்கி வகுப்புகளில் ஏழு சக்கரங்களின் வண்ணப் படம் தவறாமல் மாட்டியிருக்கும். ஜப்பானில் உசூயி சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. மேல்நாட்டு மாணவர்கள் பின்னால் சேர்த்தது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சக்கரங்களைப் பற்றி மேல்நாட்டார் விரும்பிப் படித்த, தியாசபி எழுத்தாளர் லெட்பீட்டரின் நூல், 1927-ல் அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் வெளியீடாக வந்தது. ஆறு ஆதாரங்கள் என்று நம் சித்தர் மரபில் வழங்கிவந்த கருத்து, அடையாறு வழியாக மேற்கே போய், ஜப்பானியக் கைச்சிகிச்சையோடு கலந்து, நம்மூருக்கே 'ஜப்பானியக் கலை' என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

ரகசியமும் கட்டணமும்

டகாட்டா வகுப்பில் குறிப்பெடுக்க அனுமதிக்க மாட்டார். குறியீடுகளை மனப்பாடம் செய்த பிறகு, எழுதிப் பார்த்த தாளை வைத்துக்கொள்ளக் கூடாது. 1970-க்கும் 1980-க்கும் இடையில் 22 பேரை மாஸ்டராக்கினார். அதற்கு அவர் வைத்த கட்டணம் 10,000 டாலர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அது பெரும் தொகை. இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1980 டிசம்பரில் அவர் இறந்த பிறகு, மாணவர்கள் சிலர் ஒன்றுகூடித் தாங்கள் கற்ற குறியீடுகளை வரைந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தன. யாருடைய ரெய்கியும் அதனால் வேலை செய்யாமல் போனதாக யாரும் சொல்லவில்லை. ரகசியக் குறியீட்டுக்காக ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆசிரியரிடம் மாணவர் இந்தச் சம்பவத்தைச் சொல்லி விளக்கம் கேட்கலாம்.

வரலாறும் இப்படித்தான் மாறியது. உசூயி ஒரு கிறிஸ்தவக் கல்லூரித் தலைவர், கியோட்டோவின் தோஷிஷாவில் இருந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று டகாட்டா சொல்லிவந்தார். இரண்டு இடத்து ஆவணங்களிலும் உசூயியின் பெயர் இல்லை. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த பிறகு, ஹவாயில் ஜப்பானியர் என்றாலே சந்தேகமாகப் பார்த்தார்கள். அந்தச் சூழலில் ஒரு ஜப்பானியக் கலை பிழைத்துக் கிடக்க இப்படியொரு கதை தேவைப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். டகாட்டாவின் நிலையை நினைத்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் 1990-களில் உசூயியின் நினைவுக்கல் வாசகம் வெளியுலகுக்குத் தெரிந்த பிறகும், பழைய கதையையே வகுப்பில் சொல்பவர்களை மன்னிக்க முடியாது.

சோதனையில் தெரிந்தது

ரெய்கியின் நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க தெரப்யூட்டிக் டச் முறையை அமெரிக்க நர்ஸ்கள் நிறையப் பேர் பயன்படுத்திவந்தார்கள். உடம்பைச் சுற்றி இருக்கும் சக்திப்புலத்தைக் கையால் உணர முடியும் என்பது அதன் அடிப்படை. எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுப் பள்ளிச் சிறுமி, அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தார். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அதன் துளைகள் வழியே சிகிச்சையாளர் இரு கைகளையும் நீட்ட வேண்டும். எமிலி தன் கையை அவற்றில் ஒன்றின் மேல், தொடாமல், பிடிப்பார். எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 21 சிகிச்சையாளர்கள், 280 முயற்சிகள். சரியான விடை 44 சதவீதம். நாணயம் சுண்டியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்த ஆய்வு வெளியானபோது எமிலிக்கு வயது 11.

ரெய்கியையும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்ற தீராத உடல்வலி உள்ள 100 பேரை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ரெய்கி மாஸ்டர் கை வைத்தாலும், ரெய்கி தெரியாத ஒருவர் அதுபோல நடித்துக் கை வைத்தாலும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு வெளிவந்த வேறொரு தொகுப்பாய்வும், மனச்சோர்வு, பதற்றம் பற்றி 2015-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வும், ரெய்கி பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தன.

இதோடு விஷயம் முடியவில்லை. அமெரிக்காவில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 189 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு உண்மையான ரெய்கி. இன்னொன்றுக்குப் பாவனை ரெய்கி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ரெய்கி குழுவினர் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். பாவனைக் குழுவினரும் அதே அளவு நிம்மதியாக இருந்தார்கள்! ஊசி ஏறும் நேரத்தில் ஒரு மனிதர் தனக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் இரண்டு குழுவுக்கும் பொது.

ஹார்வர்டின் டெட் கப்சுக் 2008-ல் இதை இன்னும் நுட்பமாக அளந்து காட்டினார். குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேர். முதல் குழு வெறுமனே காத்திருந்தது. இரண்டாவது குழுவுக்குப் போலி அக்குபங்சர், பேச்சு வார்த்தை இல்லாமல். மூன்றாவது குழுவுக்கும் அதே போலி அக்குபங்சர்தான், ஆனால் சிகிச்சை தருபவர் நிதானமாக உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டு, கரிசனமாகப் பேசினார். போதுமான நிவாரணம் கிடைத்தது என்று சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம். 'கைராசி டாக்டர்' என்று நம் ஜனங்கள் சிலரைத் தேடிப் போவதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. 2006-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கோன் 16 பெண்களிடம் நடத்திய ஆய்வில், மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருக்கும்போது கணவர் கையைப் பிடித்துக்கொண்டால் மூளையில் அச்சத்தின் அறிகுறிகள் குறைந்தன. முன்பின் தெரியாதவர் பிடித்தபோதும் ஓரளவு குறைந்தன.

இந்த ஆய்வுகளைக் கேட்டு ரெய்கி மாணவர் வருந்த வேண்டாம். நிதானமும் கரிசனமும் பயிற்சியால் வருபவை. அவற்றை முறையாகப் பழக்கும் இடங்கள் நம்மிடம் குறைவு. பத்து நிமிடத்தில் ஐந்து நோயாளிகளைப் பார்க்க வேண்டிய மருத்துவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் தாயின் தலையை எப்படி ஏந்துவது, பேச்சு எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் எப்படி உட்கார்வது என்பதை ஒரு மகன் ரெய்கி வகுப்பில் கற்றுக்கொண்டால், கட்டிய பணம் வீணில்லை.

எங்கே நிறுத்த வேண்டும்

சிக்கல் வருவது அடுத்த அடியில். உடம்பின் மேல் கையை நகர்த்தி, 'இங்கே ஏதோ அடைப்பு இருக்கிறது, கல்லீரலில் கோளாறு' என்று மாணவர் சொல்லத் தொடங்கும் இடத்தில். அது நோய் கண்டறிதல். ரெய்கி படித்தவருக்கு அதற்கான பயிற்சியும் இல்லை, உரிமையும் இல்லை. 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆயுர்வேதம், யோகா, யுனானி, சித்தா, ஹோமியோபதி ஆகியவற்றுக்கு உரிய ஆயுஷ் பட்டியலில் ரெய்கி இல்லை. சர்க்கரை நோய், புற்றுநோய் உள்ளிட்ட 54 நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் தனிச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் 'சர்க்கரை நோய்க்கு ரெய்கி' என்ற அறிவிப்புகள் கண்ணில் படாமல் இல்லை.

இது வெறும் சட்ட விவகாரமில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. மார்பகம், நுரையீரல், குடல், புராஸ்டேட் ஆகியவற்றில் பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, வழக்கமான சிகிச்சையை அடியோடு விட்டு மாற்று முறைகளை மட்டும் நம்பிய 281 பேரை, அதே நிலையில் முறையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று முறையை நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாகக் கூடிய கட்டத்தில் இருந்த பெண்களை இழந்திருக்கிறார்கள். இந்த எண்களை லெவல் ஒன்று வகுப்பின் முதல் மணி நேரத்திலேயே கரும்பலகையில் எழுத வேண்டும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில மருத்துவமனைகள் ரெய்கியை அனுமதிக்கின்றன. அங்கே அது சிகிச்சையோடு கூடுதலாக, நோயாளியின் நிம்மதிக்காக மட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் ரெய்கிக்காரருக்கு அந்த வளாகங்களில் இடமில்லை. அந்த எல்லைக்குள் நிற்கும் ரெய்கியை எதிர்க்க ஒரு காரணமும் இல்லை. வரவேற்கவே வேண்டும்.

ரெய்கி கற்க விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள்: யாரிடம் கற்றீர்கள், எத்தனை காலம்? வகுப்பு முடிந்த பிறகு, உங்கள் கண் முன்னால் எத்தனை பேருக்குக் கை வைத்துப் பழக விடுவீர்கள்? மருந்து சாப்பிடும் ஒருவர் வந்தால் அவரிடம் என்ன சொல்லச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'மருந்தை விடக் கூடாது, டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்' என்ற பதில் உடனே வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றே மாதத்தில் மாஸ்டராக்குகிறேன் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். கற்ற பிறகு முதலில் வீட்டில் இருக்கும் முதியவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, கட்டணம் வாங்காமல் ஓராண்டாவது பழகுங்கள். நெஞ்சு வலி, திடீர் மயக்கம், கை கால் செயலிழப்பு, காரணம் தெரியாத கட்டி, நிற்காத ரத்தப்போக்கு என்று யாராவது உங்களிடம் வந்தால் கை வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது நீங்களே கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.